நேற்றிலிருந்து வரும் விமானம்

ஹேடோ, போர்ட் பிளேர்
4 பிப்ரவரி 2007

அன்பு மகள் சுகுணாவுக்கு அப்பா வெள்ளைச்சாமி எழுதுவது.

இந்தக் கோணல்மாணல் எழுத்துக்காக முதலிலேயே மன்னித்துவிடு. சில எழுத்து கோட்டுக்கு மேலே பறக்கிறது, சில எழுத்து கீழே தொங்குகிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிடுகிறது, நிறுத்தி விரல்களை ஊதிக்கொள்கிறேன். ஆனால் இது என் எழுத்து. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கியது இல்லை. உன் அப்பன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான் அம்மா!

நான் சுகம். கண்ணில் புரை மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளை சிவப்பிரகாசமும் பேத்தி மீனாவும் சுகமா? அங்கே குளிர் எப்படி?

நான் குடியிருக்கும் பின்னறை துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் இராமகிருஷ்ணன் சாருடையது. அவர் சம்சாரம் ஜெயலட்சுமி டீச்சர்தான் எனக்கும் இந்த வீட்டு வரிசையில் இருக்கும் பெண்களுக்கும் சாயங்காலத்தில் பாடம் சொல்லித் தருகிறார். நீ போனில் பேசினால் எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்கிறது. காகிதம் அப்படி இல்லை. இனி நமக்குக் காகிதம்தான்.

கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குள் சுனாமித் தண்ணீர் வந்து உன் அம்மா சொர்ணம்மாவையும் தங்கை உதயாவையும் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அம்மாவையாவது மண்ணில் வைத்தோம். உதயா கிடைக்கவே இல்லை. அவளுக்குச் செய்ய வேண்டிய சடங்கை நீ வந்த பிறகு செய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். அக்கா இல்லாமல் செய்தால் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

காலையில் கூரைக்கு மேலே விமானம் போகிறது. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் நீ அதில் இருக்கிறாயோ என்று நினைக்கிறேன். உன் ஊரிலிருந்து இங்கே வர எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எழுது. வகுப்பில் எல்லாரும் கேட்கிறார்கள்.

உன் நினைவோடு,
அப்பா

---

டொரொண்டோ
25 பிப்ரவரி 2007

என் அப்பாவுக்கு, சுகுணா வணங்கி எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதத்தை உறையைக் கிழிக்காமல் பிரிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. வேலை செய்யும் இடத்துக்கும் எடுத்துப் போனேன். நான் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தடவிப் பார்த்து, "உங்கப்பா பேனாவை ரொம்ப அழுத்திப் பிடிக்கிறார்" என்றாள்.

தூரம் கேட்டீர்கள். இங்கிருந்து லண்டன், லண்டனிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர். எல்லாம் சேர்த்துப் பதினையாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். காற்றில் பறப்பது மட்டும் பத்தொன்பது மணி நேரம். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை நாள். கடைசித் துண்டு, சென்னையிலிருந்து உங்கள் ஊருக்கு, இரண்டே மணி நேரம்தான்.

இன்னொரு வேடிக்கை. இங்கே ஞாயிறு இரவு ஆகும்போது அங்கே திங்கள் விடிந்துவிடும். நான் உங்களுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் விடுமுறை கேட்டிருக்கிறேன். உதயாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகள்,
சுகுணா

---

ஹேடோ
18 மார்ச் 2007

அன்பு மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது.

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இந்தத் தடவை கை அவ்வளவாக வலிக்கவில்லை.

உன் கடிதத்தை வகுப்பில் நானே சத்தமாகப் படித்தேன். "என் மகள் நேற்றில் இருக்கிறாள்" என்றேன். உப்புக் கடன் கொடுக்கும் தங்கம்மா சும்மா இருப்பாளா? "உங்க மக நேத்துல இருக்குன்னா, நேத்து எங்கிட்ட வாங்கின உப்பை அங்கயே திருப்பித் தரச் சொல்லுங்கய்யா" என்றாள். டீச்சர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை விளக்குக்கு முன்னால் சுற்றிக் காட்டினார். "பூமி உருண்டை தாத்தா, அதனாலதான்." நான், "உருண்டையா இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். என் மக இருக்கறது நேத்துலதான்" என்றேன். சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

டீச்சர் இன்னொன்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கே மத்தியானம் என்றால் அங்கே அந்த நாள் இன்னும் விடியவே இல்லையாம். அப்படியானால் நீ இங்கே வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினாலும் உன் வேலைக்குத் தாமதம் ஆகாது! டீச்சர் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் குக்கர் சத்தம் போட்டது, உள்ளே போய்விட்டார். நீ விமானத்திலேயே வேலை பார்ப்பவள், உனக்குக் காசும் கேட்க மாட்டார்கள். யோசித்துப் பார்.

என்றைக்குப் புறப்படுகிறாய் என்று எழுது. மீனாவுக்கு என் முத்தம்.

அப்பா

---

டொரொண்டோ
8 ஏப்ரல் 2007

அப்பாவுக்கு சுகுணாவின் வணக்கம்.

இங்கே எல்லாரும் நலம். மீனாவுக்கு லேசான சளி.

டிக்கெட் போட்டுவிட்டேன் அப்பா! ஜூன் முதல் தேதி, வெள்ளிக்கிழமை இரவு இங்கிருந்து புறப்படுகிறேன். சனிக்கிழமை லண்டன். அன்று நள்ளிரவு தாண்டிச் சென்னை. ஞாயிறு காலை விமானத்தில் போர்ட் பிளேர். மீனா அவள் அப்பாவோடு இங்கேயே இருப்பாள். நான் மட்டும் வருகிறேன்.

ஒரு வாய் தேத்தண்ணிக்கு வந்து போக முடியாது அப்பா. விமானத்தில் ஏறினால் நேரம் நமக்குத் திரும்பக் கிடைப்பதில்லை, உடம்புதான் குழம்புகிறது. வந்து விளக்குகிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

சுகுணா

---

ஹேடோ
29 ஏப்ரல் 2007

என் செல்ல மகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? போனதும் மீனா உன்னைத் தேடினாளா?

முடியாது முடியாது என்று எழுதிவிட்டு வந்து நின்றாயே, கள்ளி! போன வாரம் மத்தியானம் பாயில் சாய்ந்திருந்தேன். வாசலில் வெளிச்சம் மறைந்தது. "அப்பா" என்றாய். புரை விழுந்த கண்ணுக்குப் பச்சைப் புடவை மட்டும்தான் தெரிந்தது. "சுகுணாவா?" என்றேன். "ம்" என்றாய். கையை நீட்டித் தடவினேன். தலை ஈரமாக இருந்தது உனக்கு. விமானத்தில் குளிக்க இடம் வைத்திருக்கிறார்களா?

பெட்டி எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தாய். உடனே போக வேண்டும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கச்சால் தோட்டத்தில் குடித்தது போலவே தேத்தண்ணியைச் சீனி போடாமல் வாங்கி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடித்தாய். வெளிநாடு போயும் அது உன்னை விட்டுப் போகவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. துப்புரவு வேலை அவ்வளவு கடினமா அம்மா? மனசு கேட்கவில்லை.

"வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாய். வந்து உட்கார்ந்துகொண்டு கேட்கிறாயே என்று சிரித்தேன். உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஜூன் முதல் தேதி என்றேன். ஜூன் முதல் தேதி என்றாய். லண்டன் என்றேன். லண்டன் என்றாய். டீச்சரிடம் நாங்கள் பாடம் சொல்வது போலவே இருந்தது. நீ எழுதியதையே மறந்துவிட்டு மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாய்.

நேற்றும் வந்தாய். நேற்றும் அதே கேள்வி. போகும்போது மட்டும் கப்பல் துறைப் பக்கமாக நடந்தாய். டாக்சி அங்கே கிடைக்கும் போலிருக்கிறது.

ஜூனில் வரும்போது இப்படி ஓடாமல் தங்குவது போல வா.

சந்தோஷத்தோடு,
அப்பா

---

டொரொண்டோ
13 மே 2007

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்கும்.

அப்பா, நான் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள்கூட நான் இந்த ஊரை விட்டு நகரவில்லை. இங்கிருந்து அங்கே யாரும் மத்தியானத்துக்கு வந்து போக முடியாது. உங்கள் ஊரில் மத்தியானத்தில் விமானம் இறங்குவதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான் என்று சொல்லி வந்தவள் மறுபடி வந்தால் பெயரைக் கேளுங்கள். என் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.

மீனா நலம்.

சுகுணா

---

டொரொண்டோ
13 மே 2007

ஜெயலட்சுமி டீச்சர் அக்காவுக்கு வணக்கம். வீட்டில் சாரும் நீங்களும் நலம்தானே.

நான் வெள்ளைச்சாமியின் மூத்த மகள். அப்பாவுக்கு எழுத்து சொல்லித் தந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைப் பார்க்க மத்தியானத்தில் யாரோ ஒரு பெண் வருகிறாள். நான்தான் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். அவள் கையில் காய்ப்பு இருக்கிறதாம். அக்கா, நான் ஏழாம் வகுப்பிலிருந்து தூத்துக்குடியில் விடுதியில் படித்தவள். ரப்பர் மரத்தில் நான் கத்தி வைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் விடியற்காலையில் பால் வெட்டப் போனவள் என் தங்கை உதயா. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்குவதும் அவள்தான். எனக்கு அது பிடிக்காது.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் பார்த்தீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள். ஜூன் மூன்றாம் தேதி சென்னையில் என் கணவரின் மாமா பெரியதம்பி வீட்டுக்கு வருவேன். அந்த முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

சுகுணா

---

ஹேடோ
25 மே 2007

சுகுணாவுக்கு ஜெயலட்சுமியின் அன்பு.

நாங்கள் சௌக்கியம். காற்றில் கம்பம் சாய்ந்து போன் வேலை செய்யவில்லை. இன்றுதான் சரி செய்தார்கள்.

பார்த்தேன் சுகுணா. என் சமையலறை ஜன்னலைத் தாண்டாமல் தாத்தா அறைக்குப் போக வழி இல்லை. ஒரு நாள் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. தாத்தா கடிதம் படிக்கிறார், ஒரு பெண் குரல் அதைத் திருப்பிச் சொல்கிறது. லண்டன், சென்னை, ஞாயிற்றுக்கிழமை. தங்கம்மா பாடம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, தட்டில் அவல் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை, விரித்த தலைமயிர், நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும்போது வரும் வாசனை. "யாரு தாத்தா?" என்றேன். "எம் மக டீச்சர், கனடாவிலேர்ந்து" என்றார் பெருமையாக. அவள் திரும்பவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரை ஜன்னலிலேயே நின்றேன். யாரும் வெளியே வரவில்லை. தாத்தா தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தபோது தனியாகத்தான் வந்தார்.

இவரிடம் சொன்னேன். "மத்தியான வெயில்ல உனக்கு மயக்கம்" என்றார்.

உன் கூரியர் வந்த நாளிலிருந்து தாத்தா வகுப்புக்கு வருவதில்லை. நேற்று இவரிடம் கச்சால் கப்பல் என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். நீ சீக்கிரம் வருவது நல்லது.

ஜெயலட்சுமி

---

ஹேடோ
26 மே 2007

சுகுணாவுக்கு,

நான் சுகம்.

நீ வராதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. காசு போனால் போகட்டும். இந்த வருஷம் வேண்டாம். காரணம் கேட்காதே.

சென்னை வரை வந்துவிட்டாலும் அங்கிருந்தே திரும்பிப் போ.

மீனாவைப் பார்த்துக்கொள்.

அப்பா

---

சென்னை
4 ஜூன் 2007

அப்பா,

உங்கள் கடிதம் டீச்சர் கடிதத்தோடு சேர்ந்து பெரியதம்பி மாமா வீட்டில் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. ஒன்றரை நாள் பறந்து வந்தவளிடம் திரும்பிப் போ என்கிறீர்கள். அப்படி நீங்கள் எழுதினால் நான் வராமல் எப்படி இருப்பேன்?

நேற்று விமானம் மழையால் ரத்து. இன்று ஏறி உட்கார்ந்து, போர்ட் பிளேருக்கு மேலே வட்டமடித்து, இறங்க முடியாமல் இங்கேயே திரும்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மேகத்துக்குக் கீழே நீங்கள் இருந்தீர்கள் அப்பா. நாளைக் காலை நிச்சயம் என்கிறார்கள். டீச்சருக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதினேன். யார் கூப்பிட்டாலும் எங்கேயும் போகாதீர்கள். என்னோடு சேர்ந்து போகலாம்.

சுகுணா

---

ஹேடோ கப்பல் துறை
5 ஜூன் 2007

அன்பு மகள் சுகுணாவுக்கு,

நீ வந்து சேர்ந்ததும் டீச்சர் இதை உன் கையில் கொடுப்பார். பயணத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். முதலில் சாப்பிடு, பிறகு படி.

வராதே என்று எழுதியது கோபத்தில் இல்லை. உன் கூரியர் வந்த அன்று மத்தியானம் அவள் வந்தாள். பெயரைக் கேட்டேன். "என்னாப்பா, என்னையத் தெரியலையா? அக்கா எப்பவும் வெளியூரு. வீட்டில இருந்தது நாந்தானே" என்று சிரித்தாள். கொஞ்சம் பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துத் தேத்தண்ணி போட்டேன். வேறு என்ன செய்வது? என் பிள்ளைதானே.

"எதுக்கும்மா அக்கா வர்ற நேரத்தையே கேட்டுக்கிட்டு இருக்க?" என்றேன்.

"கூட்டிட்டுப் போகத்தான். அம்மாவுக்கு மண்ணு இருக்கு. எனக்கு நிக்க இடமில்லப்பா, ஒண்டியா இருக்கேன். நான் கூப்பிட்டா அக்கா வரும்."

நீ போவாய். சின்ன வயதிலிருந்தே அவள் கூப்பிட்டு நீ வராமல் இருந்ததில்லை. தூரத்தையும் நேரத்தையும் நானே அவளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லண்டன் வந்துவிட்டாய், சென்னை வந்துவிட்டாய் என்று இப்போது அவள் எனக்குச் சொல்கிறாள். நேற்று மழையில் உன் விமானம் மேலே சுற்றியபோது வாசலில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்பிப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கூரியர் வந்த அன்றே அவளிடம், "அப்பா வந்தா ஆகாதா?" என்று கேட்டிருந்தேன்.

உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியை நக்கி முடித்தாள். "அக்கா வந்து எறங்கறதுக்குள்ள கெளம்பினா சரி" என்றாள்.

அந்தத் தோட்டத்துக்காரன் என்பதால் கச்சாலுக்குப் போக எனக்கு அரசாங்கப் பாஸ் கிடைத்துவிட்டது. இராமகிருஷ்ணன் சாரிடம் சடங்கு செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். இரண்டு சீட்டு வாங்கினேன். ஏணியடியில் நின்ற ஆள், "அகேலா ஹை க்யா, தாதா?" என்றான், தனியாகவா என்று. "நஹீ பேட்டா, மேரி பேட்டீ சாத் மே ஹை" என்றேன், மகளும் கூட இருக்கிறாள் என்று. என் பக்கத்தில் பார்த்தான். பிறகு இரண்டு சீட்டையும் கிழித்துக் கொடுத்து, வழியை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றான்.

இப்போது மேல்தட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சார் கீழே நிற்கிறார், இதை மடித்து அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். இந்த நிமிஷம்தான் காலை விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து போனது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன குளிர்ச்சி! கப்பல் புறப்படும் சங்கு ஊதும் வரை விடவில்லை. இப்போது அமைதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கச்சால் கரையில் செய்ய வேண்டியதைச் செய்து, அம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் இடம் காட்டிவிட்டு வருவேன். திரும்பி வரும் சீட்டு எனக்கு மட்டும் வாங்கியிருக்கிறேன். அவள் அதைப் பார்த்தாள்.

நீ என் பின்னால் கப்பல் ஏறாதே. அப்பா உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான். என் பாயில் படுத்து நன்றாகத் தூங்கு. மீனாவுக்குப் போன் போட்டுப் பேசு.

கச்சாலில் தபால்காரர் இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வாரம் அங்கிருந்து உனக்கு எழுதுகிறேன்.

அப்பா